144 ஹெர்ட்ஸ் வாங்கி 60-இல் ஓட்டுகிறவர்கள்

கேள்வி: கல்லூரியில் சேர்ந்திருக்கிறேன். கம்ப்யூட்டருக்கு அப்பா 75,000 ரூபாய் தருகிறார். பெரும்பாலும் வேலரன்ட் என்ற ஆன்லைன் துப்பாக்கிச் சண்டை கேம்தான் விளையாடுவேன். லீவில் கதையுள்ள பெரிய கேம்கள். புதுச்சேரியில் ஒரு கடையில், "பாதிப் பணத்தை கிராஃபிக்ஸ் கார்டில் போடு, மானிட்டர் 60 ஹெர்ட்ஸ் போதும், கண்ணுக்கு அதற்கு மேல் தெரியாது" என்கிறார்கள். சரியா? (மஞ்சக்குப்பம், கடலூர்)

பதில்: ஹெர்ட்ஸ் என்பது மானிட்டர் விநாடிக்கு எத்தனை முறை படத்தைப் புதுப்பிக்கிறது என்ற கணக்கு. 60-க்கு மேல் கண்ணுக்குத் தெரியாது என்பது பழைய கதை, தம்பி. சினிமா விநாடிக்கு 24 ஃபிரேமில், அதாவது 24 படத்தில், ஓடுவதைப் பார்த்து யாரோ கிளப்பிவிட்டது. அந்த 24 கண்ணை அளந்து வைத்த கணக்கு அல்ல. 1920-களின் கடைசியில் பேசும் படம் வந்தபோது, ஒலி கெடாமலிருக்க ஃபிலிம் ஒரே சீரான வேகத்தில் ஓட வேண்டியிருந்தது. ஃபிலிம் செலவும் கையைக் கடிக்கக் கூடாது. இரண்டுக்கும் நடுவே 24-இல் நின்றார்கள்.

60 ஹெர்ட்ஸ் மானிட்டரில் ஒரு படம் 16.7 மில்லி செகண்ட் நிற்கும். 144-இல் 6.9. மவுஸை வெடுக்கென்று திருப்பும்போது இந்தப் பத்து மில்லி செகண்ட் நன்றாகவே தெரியும். அங்கிருந்து 240-க்குப் போனால் மிச்சமாவது 3 மில்லி செகண்ட்கூட இல்லை. 144 அல்லது 165-இல் நிறுத்திக்கொள்ளுங்கள்.

அடுத்தது கார்டு. வேலரன்ட் சாதாரண கம்ப்யூட்டரிலும் ஓட வேண்டும் என்றே செய்த கேம். அதில் ஃபிரேமை ஏற்றுவதும் இறக்குவதும் பெரும்பாலும் பிராசஸர்தான். பாதிப் பணத்தைத் தின்ற கார்டு அங்கே கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கும், 60 ஹெர்ட்ஸ் மானிட்டரோ வந்த ஃபிரேமில் பாதியைக்கூடக் காட்டாது. கதையுள்ள கேம்களில் நிலைமை தலைகீழ். பாரம் முழுக்கக் கார்டு மேல். ஆனால் அங்கே 60 வந்தாலே சுகம். என்னைக் கேட்டால் ஏறி இறங்காத 50 போதும். சராசரி 90 காட்டிவிட்டு, சண்டைக் காட்சியில் 35-க்கு விழுகிற கம்ப்யூட்டர்தான் எரிச்சல். அதனால் யூடியூபில் சோதனை வீடியோ பார்க்கும்போது சராசரியை விட்டுவிட்டு, '1 சதவீத லோ' என்று போட்டிருக்கும் எண்ணைப் பாருங்கள். திக்கித் திணறும் நேரத்தைக் காட்டுவது அதுதான்.

ஆக, 1080பி (ஃபுல் எச்டி) அளவில் 144 அல்லது 165 ஹெர்ட்ஸ் மானிட்டர், ஃப்ரீசிங்க் வசதி கட்டாயம் (கார்டு படம் தரும்வரை மானிட்டர் பொறுத்திருக்கும், படம் நடுவில் கிழியாது). 6 கோர் பிராசஸர், 8 ஜிபி நினைவகமுள்ள நடுத்தர கார்டு. ராம் 16 ஜிபி என்றால் 8 ஜிபி ஸ்டிக் இரண்டாகக் கேளுங்கள். "பிறகு ஏற்றிக்கொள்ளலாம்" என்று சொல்லி ஒரே 16 ஜிபி ஸ்டிக்கைச் செருகித் தருவார்கள். ஒற்றை ஸ்டிக்கில் ராமுக்கும் பிராசஸருக்கும் இடையே பாதை பாதியாகிவிடும், பிராசஸரை நம்பியிருக்கும் கேமில் அது உடனே தெரியும். கேபினெட்டோடு இனாமாக வரும் எஸ்எம்பிஎஸ் வேண்டவே வேண்டாம். மற்ற எல்லாவற்றுக்கும் கரண்ட் கொடுப்பது அது, கெட்டால் தனியாகப் போகாது.

ஒரு எச்சரிக்கை. கடையில் 'ஃபிரேம் ஜெனரேஷன்' போட்டு 120 காட்டினால், அதில் பாதியாவது கார்டு இரண்டு நிஜப் படங்களுக்கு நடுவே தானாக வரைந்து செருகியது. பார்வைக்கு வழவழப்பாக இருக்கும். மவுஸுக்குக் கேம் காட்டும் பதில் வேகமாகாது. அதை அணைத்துவிட்டு ஓட்டிக் காட்டச் சொல்லுங்கள்.

கேள்வி: 165 ஹெர்ட்ஸ் மானிட்டர் வாங்கி ஒரு மாதம் ஆகிறது. பழைய 60-க்கும் இதற்கும் எந்த வித்தியாசமும் தெரியவில்லை. ஏமாந்துவிட்டேனா? (லாஸ்பேட்டை, புதுச்சேரி)

பதில்: வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன்: நானும் ஒரு 144 ஹெர்ட்ஸ் மானிட்டரை எட்டு மாதம் 60-இலேயே ஓட்டியவன். போதாததற்கு, வீட்டுக்கு வந்தவர்களிடம் "பாருங்கள், எவ்வளவு ஸ்மூத்" என்று பெருமை வேறு. புது மானிட்டரைச் செருகினால் விண்டோஸ் பல நேரம் 60-இலேயே நின்றுவிடும். செட்டிங்ஸில் சிஸ்டம், டிஸ்ப்ளே, அட்வான்ஸ்ட் டிஸ்ப்ளே என்று போய் ரெஃப்ரெஷ் ரேட்டை மாற்றுங்கள். அங்கே 165 என்ற எண்ணே இல்லையென்றால் கேபிளைச் சந்தேகப்படுங்கள். சில மானிட்டர்களில் எச்டிஎம்ஐ வழியாக முழு வேகம் கிடைக்காது, டிஸ்ப்ளே போர்ட் கேபிள் போட்டால்தான் வரும். கேபிள் கார்டில் செருகியிருக்கிறதா, மதர்போர்டில் செருகியிருக்கிறதா என்றும் கேபினெட்டின் பின்பக்கம் எட்டிப் பாருங்கள். மதர்போர்டில் இருந்தால் கார்டுக்குக் கொடுத்த காசு சும்மா தூங்குகிறது.

கேள்வி: கல்யாண வீடியோ எடுக்கிறேன். 60 ஃபிரேமில் கொடுத்தால் பெரியவர்கள் "டிவி சீரியல் மாதிரி இருக்கு" என்கிறார்கள். 25-இல் கொடுத்தால் கேம் விளையாடிப் பழகிய பையன்கள் "வெட்டி வெட்டி ஓடுது" என்கிறார்கள். யார் பேச்சைக் கேட்பது? (பண்ருட்டி)

பதில்: பணம் கொடுப்பவர் பேச்சை. விளையாட்டாகச் சொல்லவில்லை, இது பழக்கம் சார்ந்த ருசி. கேமில் காட்சியைத் திருப்புவது நம் கை, அதனால் ஃபிரேம் குறைந்தால் கைக்கே உறைக்கிறது. வீடியோவில் நாம் வெறுமனே பார்க்கிறோம். தவிர, கேமரா எடுக்கும் ஒவ்வொரு படத்திலும் அசைவு லேசாகக் கலங்கிப் பதிவதால் 25-இலும் ஓட்டம் சேர்ந்துகொள்ளும். கேமின் படம் கல்லில் செதுக்கியது போல் நிற்பதால் அதற்கு எண்ணிக்கை கூடுதலாக வேண்டும். ஷட்டரை (ஒவ்வொரு படத்துக்கும் கேமரா வெளிச்சம் வாங்கும் நேரம்) 1/500 விநாடி என்று ஏற்றி வைத்து 25-இல் எடுத்தால் அந்தக் கலங்கல் போய்விடும். பையன்கள் சொல்வதிலும் நியாயம் வந்துவிடும்.

கொடுப்பது எந்த எண்ணானாலும், எடுப்பதை 60-ஐ விட்டு 50-க்கு மாற்றுங்கள். நம் ஊர் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். மண்டபத்து டியூப்லைட் விநாடிக்கு 100 முறை மினுங்குகிறது. 60 ஃபிரேமில் 1/60, 1/120 என்று ஷட்டர் வைத்தால் வீடியோவில் பட்டை பட்டையாக நெளியும். 1/50 அல்லது 1/100 வைத்தால் பெரும்பாலும் அடங்கிவிடும். 50-இல் எடுத்ததை 25-இல் கொடுக்கும்போது தாலி கட்டும் இடத்தை மட்டும் பாதி வேகத்தில் ஓட்டலாம், துளி திக்கல் இருக்காது. அப்புறம், 25-இல் கொடுத்தும் "சீரியல் மாதிரி" என்றால் அவர்கள் வீட்டு டிவியைப் பாருங்கள். புது டிவிகள் தாமே நடுவில் படம் செருகி வழவழப்பாக்கிவிடுகின்றன. பிக்சர் செட்டிங்ஸில் மோஷன் என்று இருப்பதை அணைத்தால் சரியாகிவிடும்.

கேள்வி: கம்ப்யூட்டர் சாமான் புதுச்சேரியில் வாங்கினால் வரி லாபமா? (நெல்லிக்குப்பம்)

பதில்: அந்தக் காலம் 2017 ஜூலை 1-ஆம் தேதியோடு போயிற்று. ஜிஎஸ்டி அங்கேயும் அதேதான். பெட்ரோல் வேறு கதை. விலையைக் குறைத்து, பில் இல்லாமல் தருகிறேன் என்றால் வாங்காதீர்கள். பில்லில் கார்டின் சீரியல் நம்பரும் இருக்கட்டும். எல்லை தாண்டி வாங்கியதற்காகப் பயப்படவும் வேண்டாம். 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் சட்டப்படி நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே, அதாவது கடலூர் நுகர்வோர் ஆணையத்திலேயே, புகார் கொடுக்கலாம். பொருளுக்குக் கொடுத்த தொகை 5 லட்சம் வரை என்றால் கட்டணம் கிடையாது. அதற்கு முன் 1915-க்கு (தேசிய நுகர்வோர் உதவி எண்) ஒரு போன் போட்டுப் பாருங்கள்.

கேள்வி: வீடு கடற்கரைக்குப் பக்கம். கேபினெட்டைத் தொட்டால் சுர்ரென்கிறது. உப்புக்காற்றா? (தேவனாம்பட்டினம், கடலூர்)

பதில்: இல்லை, எர்த் சரியில்லை. கம்ப்யூட்டர் மெக்கானிக்கை விடுங்கள், எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள், அதுவரை பிளக்கைப் பிடுங்கி வையுங்கள். உப்புக்காற்று செய்வது வேறு வேலை: போர்ட் மெல்லப் பச்சை பூக்கும், ஸ்க்ரூ துருப்பிடிக்கும். கடல் பார்த்த ஜன்னலோரத்தை விட்டு மேஜையை உள்சுவருக்கு நகர்த்துங்கள்.