பி.காம் முடித்தவருக்கு டேட்டா வேலை: 'லைக்' தேடலிலிருந்து தொடங்கலாம்

அம்மா, வணக்கம். பி.காம் முடித்த மகளுக்கு டேட்டா அனலிஸ்ட் வேலை கிடைக்குமா, பயிற்சி மையத்தில் அடுத்த தவணையைக் கட்டலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். பணத்தைக் கொஞ்சம் நிறுத்தி வையுங்கள். முதலில் எஸ்கியூஎல், அதாவது டேட்டாபேஸிலிருந்து தகவலைக் கேட்டு எடுக்கும் மொழி, கைவரட்டும். அதிலும் பெயர், ஊர், முகவரி போன்ற எழுத்துத் தகவல்களைத் தேடும் 'லைக்' பகுதியை மேலோட்டமாகத் தாண்டிவிட வேண்டாம். கூட்டல், சராசரி எல்லாம் சீக்கிரம் பழகிவிடும். பிள்ளைகள் திணறுவது இங்கேதான்.

இதற்கு மேல் எழுதுவதை மகளிடம் படிக்கக் கொடுங்கள்.

எஸ்கியூஎல் எழுதிப் பழக எஸ்கியூலைட் என்ற மென்பொருள் இலவசம்தான் மா, சாதாரண லேப்டாப் போதும். தமிழ்நாட்டு மாவட்டப் பெயர்களைத் தமிழிலேயே ஒரு டேபிளில் ஏற்று. லைக் 'திரு%' என்று தேடினால் திருவாரூர், திருநெல்வேலி, திருப்பத்தூர் எல்லாம் வரும். % என்றால் அந்த இடத்தில் எது வேண்டுமானாலும் இருக்கலாம். சரி, இப்போது '%ஊர்' என்று தேடு. வேலூர், கரூர், தஞ்சாவூர் எதுவுமே வராது! தனியாக நிற்கும் ஊ-வும், லூ-வில் ஒட்டியிருக்கும் துணைக்குறியும் கணினிக்கு வேறு வேறு. ஓர் அடிக்கோடு (_) ஏதாவது ஓர் எழுத்துக்கு என்று படித்திருப்பாய். ஆனால் கரூர் என்பதற்கு மூன்று அடிக்கோடு போதாது, ஐந்து வேண்டும். துணைக்குறியும் புள்ளியும் தனித்தனியாக எண்ணப்படுகின்றன. விடை வராதபோது ஏன் என்று தோண்டிப் பார்க்கிற இந்தப் பழக்கம் நேர்முகத் தேர்வில் மிகவும் கைகொடுக்கும்.

அங்கே அடிக்கடி வரும் இன்னொரு கேள்வி, முன்னால் % போட்டால் தேடல் ஏன் மெதுவாகிறது என்பது. இன்டெக்ஸ், அதாவது சீக்கிரம் தேட உதவும் வரிசைப் பட்டியல், முதல் எழுத்திலிருந்து அடுக்கப்பட்டது. முதல் எழுத்தே தெரியாவிட்டால் டேபிள் முழுவதையும் வரிவரியாகப் படித்தாக வேண்டும்.

பி.காம் படித்ததைக் குறையாக நினைக்காதே. ஜிஎஸ்டி எண்ணின் 15 இடங்களில் முதல் இரண்டு மாநிலக் குறியீடு, அடுத்த பத்து பான் எண் என்பது உனக்குத் தெரியும். அதனால் '33%' என்றால் தமிழ்நாட்டில் பதிவான சப்ளையர்கள். இரண்டு அடிக்கோடு, பிறகு பான் எண், கடைசியில் % என்று போட்டால், ஒரே நிறுவனம் வெவ்வேறு மாநிலங்களில் எடுத்த பதிவுகள் மொத்தமும் வந்துவிடும். கணக்கு தெரியாத புரோகிராமருக்கு இது தோன்றுவது கஷ்டம்.

அம்மா, இந்தத் தேடல்களை யாரையும் கேட்காமல் மகள் எழுதிக் காட்டட்டும். தவணையைப் பற்றி அப்புறம் பேசுவோம்.