செங்குத்து வரியில் எந்த எழுத்து நிமிரும், எது சாயும்?

ஜப்பானிய வரியை மேலிருந்து கீழாக வரையும்போது கஞ்சி (சீனத்திலிருந்து வந்த எழுத்துகள்) சரியாக நிற்கிறது, நிறுத்தக்குறிகளும் நெடில் கோடும் (உயிரொலியை நீட்டும் 'ー') மட்டும் கெடுகின்றன என்கிறீர்கள். எதைத் திருப்புவது என்று எழுத்துமுறையை மட்டும் பார்த்து முடிவு செய்தால் இப்படித்தான் ஆகும்.

யூனிகோடின் 50-ஆம் இணைப்பு ஒவ்வொரு எழுத்துக்கும் குறிக்கும் ஒரு மதிப்பு தருகிறது. யூ (U) என்றால் நிமிர்ந்தே நிற்கும். ஆர் (R) என்றால் கடிகாரத் திசையில் 90 பாகை சுழலும் (தமிழும் இதில்தான்). உங்கள் சிக்கல் டியூ (Tu), டிஆர் (Tr) என்ற மற்ற இரண்டில். இவற்றுக்கு முதலில் எழுத்துருவில் தனி வடிவம் தேடுங்கள். இல்லையென்றால் டியூவை நிமிர்த்தியும் டிஆரைச் சுழற்றியும் வையுங்கள். ஜப்பானிய முற்றுப்புள்ளி டியூ: கட்டத்தின் இடக்கீழ் மூலையில் இருப்பது வலமேல் மூலைக்கு வர வேண்டும். வெறுமனே சுழற்றினால் இடமேல் மூலையில் போய் உட்காரும். அடைப்புக்குறியும் நெடில் கோடும் டிஆர்.

இந்த வடிவங்கள் ஓபன்டைப் என்ற எழுத்துரு வடிவமைப்பின் 'வெர்ட்' (vert) அம்சத்தில் இருக்கும். எழுத்து வடிவங்களைத் தேர்ந்து அடுக்கும் (ஷேப் செய்யும்) ஹார்ஃப்பஸ் நிரலகத்துக்கு மேலிருந்து கீழ் என்று திசை கொடுத்தால் தானே எடுத்துக்கொள்ளும். ஆனால் ஆர் துண்டுகளை அப்படிக் கொடுக்காதீர்கள். கிடைமட்டமாகவே ஷேப் செய்து, முழுத் துண்டையும் மொத்தமாகச் சுழற்றுங்கள். இல்லாவிட்டால் 'கொ'வில் கொம்பு ஒரு பக்கம், கால் ஒரு பக்கம் நிற்கும்.