பி.எம்.ஐ. கேள்வி பதில்: தராசோடு இஞ்சு டேப்பும் வேண்டும்

கேள்வி: அக்கா, என் உயரம் 155 செ.மீ., எடை 58 கிலோ. செல்போன் ஆப் 'நார்மல்' என்கிறது. மருத்துவ முகாமில் 'அதிக எடை' என்று எழுதிக் கொடுத்தார்கள். எது சரி?

பதில்: கணக்கு ஒன்றுதான் தங்கச்சி. உயரத்துக்கு ஏற்ற எடையா என்று பார்க்கும் எண்தான் பி.எம்.ஐ. 58-ஐ 1.55-ஆல் இரண்டு முறை வகுத்தால் 24.1. கோடு கிழித்த இடம்தான் வேறு. உலகப் பொது அளவில் 25-க்குக் கீழே நார்மல். இந்தியர்களுக்கு 23-இலேயே அதிக எடை, 25-இல் உடல் பருமன் என்று 2009-இல் நம் மருத்துவர்கள் வகுத்தார்கள். முகாமில் சொன்னதையே எடுத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: எனக்கு 22.4 தான். எல்லாரும் ஒல்லி என்பார்கள். சர்க்கரை எப்படி வந்தது?

பதில்: சர்க்கரைக்குப் பரம்பரையும் ஒரு காரணம். ஆனால் 22.4 என்ற எண் உங்களைக் கொஞ்சம் ஏமாற்றியும் இருக்கலாம். 2004-இல் லான்செட் என்ற மருத்துவ இதழில் ஒரு படம் வந்தது. புனே மருத்துவர் யாஜ்னிக்கும் லண்டன் மருத்துவர் யுட்கினும் பக்கத்தில் பக்கத்தில் நிற்பார்கள். இருவருக்கும் பி.எம்.ஐ. 22.3. உடல் கொழுப்போ யுட்கினுக்கு 9.1 சதவீதம், யாஜ்னிக்கிற்கு 21.2! கை கால் மெலிந்து வயிற்றில் மட்டும் தொப்பை போடும் உடல்வாகு நம்மிடம் அதிகம். வயிற்றுக்குள் சேரும் அந்தக் கொழுப்புதான் இன்சுலினை வேலை செய்யவிடாமல் தடுக்கிறது. தராசுக்கு அது தெரியாது.

கேள்வி: ஜிம்மில் உடம்பு ஏற்றியவன் நான். 27.7 காட்டுகிறது. இடுப்பு 80 செ.மீ.

பதில்: தசையும் கொழுப்பும் தராசுக்கு ஒன்றுதான். அந்த இடுப்புக்கு 27.7 பெரிய கவலை இல்லை தம்பி. (போன மாதம் ஜிம்மில் சேர்ந்தவர்கள் இந்தப் பதிலைப் படிக்க வேண்டாம்.)

கேள்வி: எட்டு வயது மகனுக்கு 16. 18.5 வர வேண்டாமா?

பதில்: 18.5-க்குக் கீழே போனால் எடை குறைவு என்பது பெரியவர்கள் கணக்கு. குழந்தைகளுக்கு வயதுவாரியாகத் தனி அட்டவணை உண்டு. எட்டு வயதில் 16 சராசரியை ஒட்டியதுதான். பையனுக்கு ஊட்டித் திணிக்காதீர்கள்.

கேள்வி: என் பேன்ட் சைஸ் 34. அதுதானே இடுப்பளவு?

பதில்: இல்லை அண்ணா. பேன்ட்டைத் தொப்பைக்குக் கீழே இறக்கிப் போட்டால் எந்த சைஸும் பொருந்தும். கடைசி விலா எலும்புக்கும் இடுப்பெலும்பின் மேல் விளிம்புக்கும் நடுவில், மூச்சை விட்டபின் டேப்பைச் சுற்றுங்கள். ஆண்களுக்கு 90, பெண்களுக்கு 80 செ.மீ. தாண்டினால் பி.எம்.ஐ. என்ன சொன்னாலும் சர்க்கரை, பி.பி. இரண்டையும் பார்த்துவிடுங்கள். வயிற்றை எக்கிக்கொண்டு அளக்கக் கூடாது, சரியா?