என்சைம் கேப்ஸ்யூலை எப்போது போடுவது?

அப்பாவுக்கு நாள்பட்ட கணைய அழற்சி, காலையில் வெறும் வயிற்றில் கேப்ஸ்யூல் போட்டுவிட்டுப் பத்து மணிக்குத்தான் இட்லி சாப்பிடுகிறார், மலம் இன்னும் எண்ணெயாக மிதக்கிறது என்று எழுதியிருக்கிறீர்கள். சரி, கேப்ஸ்யூல் போடும் நேரம்தான் எனக்கு இடிக்கிறது.

நல்ல கணையம்கூடச் சாப்பாடு வராமல் பெரிதாக எதையும் சுரக்காது. கடலூர் முதுநகர் மீன் வறுவல் வாசனைக்கே மூளையிலிருந்து வயிற்றுக்கு வரும் வேகஸ் நரம்பு கணையத்தை லேசாகத் தூண்டிவிடும், ஆனால் கொழுப்பும் புரதமும் சிறுகுடலின் தொடக்கத்துக்கு வந்ததும் அங்குள்ள செல்கள் விடுகிற கோலிசிஸ்டோகைனின் ஹார்மோன்தான் கணையத்திடம் உணவைச் செரிக்க வைக்கும் என்சைமை அனுப்பச் சொல்லும், பித்தப்பையையும் சுருங்க வைக்கும். கூடவே வயிற்று அமிலம் இறங்கினால் செக்ரிடின் என்ற இன்னொரு ஹார்மோன் பைகார்பனேட்டை வரவழைத்து அமிலத்தை அடக்கும்.

அப்பாவுக்கு உத்தரவு வந்தாலும் அனுப்ப என்சைம் சரக்கு போதவில்லை. அந்தச் சரக்குதான் கேப்ஸ்யூல், அதனால் அது சோற்றோடு சேர்ந்தே குடலுக்குப் போக வேண்டும். முதல் வாயோடு ஒன்று, இரண்டு என்றால் மற்றது பாதிச் சாப்பாட்டில். உள்ளே இருக்கும் குருணையை மெல்லக் கூடாது, அமிலத்தைத் தாங்கும் பூச்சு போய்விடும். அப்புறம் சாயங்கால பஜ்ஜிக்கும் தேவைப்படலாம், பலர் இதை மறந்துவிடுவார்கள்.

அளவைக் கூட்டுவது டாக்டர் வேலை. எடை குறைந்துகொண்டே போனால் தள்ளிப்போடாமல் புதுச்சேரி ஜிப்மர் மருத்துவமனையில் காட்டுங்கள்.