வெள்ளிக்கிழமை நிறுத்திய தண்ணீர்

அன்புள்ள அக்கா,

வணக்கம். டல்லாஸ் பக்கம் பிளானோவில் இருக்கிறேன். வயது 34, இரண்டு பிள்ளைகள், ஐ.டி. வேலை. நான்கு வருடமாக ஒழுங்காக வெயிட் தூக்குகிறேன். 2018-ல் பிகினி பாடிபில்டிங் போட்டியில் ஏறியதைப் பற்றி நீங்கள் எழுதியிருந்ததைப் படித்த நாளிலிருந்து, ஒரு முறையாவது அந்த மேடையில் நிற்க வேண்டும் என்று ஆசை. இங்கே அக்டோபரில் ஒரு என்.பி.சி. (அமெரிக்காவின் அமெச்சூர் பாடிபில்டிங் அமைப்பு) போட்டி வருகிறது. இன்னும் 14 வாரம். ஆன்லைனில் ஒரு கோச்சைப் பிடித்து மூன்று வாரம் முன்பு தொடங்கினேன். எடுத்த எடுப்பிலேயே 1200 கலோரி, தினமும் ஒரு மணி நேரம் கார்டியோ. போகப்போக 'கிளென்' (கொழுப்பைக் கரைக்க எடுக்கிற கிளென்புட்டெரால்) எடுக்கலாம், கடைசி இரண்டு நாள் தண்ணீரை நிறுத்த வேண்டும் என்கிறார். இப்போது 62 கிலோ. டெக்ஸா ஸ்கேனில் கொழுப்பு 26 சதவீதம். மேடைக்கு 54 கிலோவில் வரச் சொல்கிறார். இந்த மாதம் பீரியட் வரவில்லை (கர்ப்பம் இல்லை, பார்த்துவிட்டேன்). முட்டை சாப்பிடுவேன், கறி மீன் கிடையாது. இதெல்லாம் சரியாகத்தான் போகிறதா? நம் சாப்பாட்டிலேயே செய்ய முடியுமா? கடைசியாக ஒன்று: அம்மாவிடம் எப்படிச் சொல்வது?

வி.

அன்புள்ள வி.,

அக்டோபர் வேண்டாம். அடுத்த ஏப்ரலில் ஏறுங்கள். அந்த கோச்சை இன்றைக்கே நிறுத்துங்கள். கட்டிய பணம் போனால் போகட்டும். அப்புறம் டாக்டரிடம் பீரியட் விஷயத்தைச் சொல்லி ஒரு ரத்தப் பரிசோதனை செய்துகொள்ளுங்கள். இதை மட்டும் படித்துவிட்டு மூடினாலும் எனக்குச் சம்மதம்தான்.

ஏன் என்று கேட்பீர்கள், கணக்குப் போட்டே காட்டுகிறேன். 62 கிலோவில் கொழுப்பு 26 சதவீதம் என்றால் மீதி உடம்பு சுமார் 46 கிலோ. நீங்கள் சாப்பிடுவது 1200. கார்டியோவிலும் வெயிட்டிலுமாக 400 போனது என்று வைத்துக்கொண்டால் மிச்சம் 800. இதயம், மூளை, கருப்பை எல்லாம் இந்த 800-க்குள்தான் குடும்பம் நடத்த வேண்டும். கொழுப்பில்லாத உடம்பில் கிலோவுக்கு 17 கலோரி. விளையாட்டு மருத்துவத்தில் 30-க்குக் கீழே போனால் ஹார்மோன் குழம்பும் என்று எச்சரிக்கிறார்கள். போட்டிக்குத் தயாராகிற எவளும் கடைசி வாரங்களில் அந்தக் கோட்டுக்குக் கீழே கொஞ்சம் இறங்கத்தான் செய்வாள், மறைக்கவில்லை. ஆனால் நீங்கள் முதல் வாரமே 17-ல் நிற்கிறீர்கள். பத்தாவது வாரம் எடை இறங்காமல் நின்றுவிட்டால் எதைக் குறைப்பீர்கள்? குறைக்க ஒன்றும் இருக்காது. அந்த இடத்தில் வந்து உட்காரத்தான் 'கிளென்' காத்திருக்கிறது.

கிளென்புட்டெராலை நீங்கள் இருக்கும் நாட்டில் மனிதர்களுக்கு மருந்தாக அனுமதிக்கவே இல்லை. அங்கே அது குதிரைக்கு மூச்சுத்திணறல் வந்தால் கொடுக்கிற மருந்து. கை நடுங்கும், நெஞ்சு படபடக்கும், இதயத் துடிப்பின் தாளம் தவறும். ஒரு பிளாஸ்டிக் கோப்பைக்காக இரண்டு பிள்ளைகளின் அம்மா குதிரை மருந்து சாப்பிடக் கூடாது. இதற்கு மேல் இதில் பேச ஒன்றுமில்லை.

எடையை வாரத்துக்கு அரை சதவீதத்திலிருந்து ஒரு சதவீதம் வரை இறக்குவதுதான் தசையைக் காப்பாற்றும் வேகம். உங்களுக்கு அது 300 முதல் 600 கிராம். எட்டு கிலோவுக்கு நடுவாகக் கணக்குப் போட்டால் 18 வாரம். காய்ச்சல், பிள்ளை பிறந்தநாள், ஆபீஸில் ஒரு கெட்ட வாரம் என்று இரண்டு வாரம் சேர்த்தால் 20. இப்போதிலிருந்து சாப்பாட்டைக் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றி, பீரியட் ஒழுங்காகி, மூன்று மாதம் வயிறார சாப்பிட்டு வெயிட் தூக்குங்கள். தீபாவளிப் பலகாரம் முடிந்த மறுநாள் தொடங்கினால் ஏப்ரலுக்குக் கணக்குச் சரியாக வரும்.

சரி, தண்ணீருக்கு வருகிறேன். இது என் சொந்த அவமானம் என்பதால் கொஞ்சம் நீட்டித்தான் சொல்வேன்.

என் கோச்சும் இதையேதான் சொன்னார். புதன்கிழமையிலிருந்து உப்பு இல்லை. வெள்ளி மத்தியானத்தோடு தண்ணீர் இல்லை. சனி காலை பத்து மணிக்கு மேடை. வெள்ளி ராத்திரி ஹோட்டல் அறையில் நாக்கு அண்ணத்தில் ஒட்டிக்கொண்டு கிடந்தேன். காலையில் கண்ணாடியைப் பார்த்தால், மூன்று நாள் முன்பு உருண்டு நின்ற தோளும் பின்புறமும் காற்றுப் போன பலூன் மாதிரி சப்பையாக இருந்தன. மேடையில் பின்பக்கம் திரும்பி நின்றபோது இடது கெண்டைக்காலில் பிடித்தது பாருங்கள் ஒரு பிடி! ஐந்து அங்குலக் குதிகால் செருப்பில், முதுகை வளைத்து, தலைமுடியை முன்னால் ஒதுக்கிவிட்டுச் சிரித்துக்கொண்டு நிற்கிறேன், கண்ணில் நீர் முட்டுகிறது. உடம்பில் மிச்சமிருந்த தண்ணீர் அதுவாகத்தான் இருக்கும். ஒன்பது பேரில் ஏழாவது. பிறகு நடுவர் ஒருவர் மின்னஞ்சலில் எழுதினார்: வடிவம் நன்றாக இருக்கிறது, ஆனால் உடம்பு தட்டையாக, களைத்துத் தெரிந்தது.

காரணம் ரொம்ப எளிது. தசையில் முக்கால் பங்கு தண்ணீர்தான். சோற்றிலும் உருளைக்கிழங்கிலும் இருந்து வருகிற மாவுச்சத்தைத் தசை கிளைகோஜனாகச் சேமிக்கும்போது, ஒரு கிராமுக்குச் சுமார் மூன்று கிராம் தண்ணீரையும் கூடவே பிடித்து வைக்கிறது. அந்தத் தண்ணீர்தான் தசையின் உருட்சி. தோலுக்கு அடியில் இருப்பது மட்டும் வெளியே போ, தசைக்குள் இருப்பது அங்கேயே இரு என்றால் உடம்பு கேட்காது. இன்னொரு கூத்து, பிகினி பிரிவுக்கு இந்த வறட்சி தேவையே இல்லை. 2010-ல்தான் ஒலிம்பியாவில், அதாவது பாடிபில்டிங்கின் மிகப் பெரிய போட்டியில், பிகினி பிரிவு முதன்முதலாக வந்தது. சோனியா கொன்சாலெஸ் ஜெயித்தார். தசைப் பெருக்கத்தை முக்கியமாகப் பார்க்கிற பழைய பெண்கள் பாடிபில்டிங்குக்கு மாற்றாக, அளவான தசையும் வடிவமும் மேடை நடையும் பார்க்கிற பிரிவாகவே இது உருவானது. உடம்பு அளவுக்கு மீறி இறுகி வறண்டிருந்தால் அதைக் குறையாகப் பார்க்க வேண்டும் என்பதே ஐ.எஃப்.பி.பி. (சர்வதேச பாடிபில்டிங் கூட்டமைப்பு) விதி. நான் மூன்று நாள் தவமிருந்து வாங்கியது அந்தக் குறையைத்தான். நீங்கள் கடைசி வாரமும் வழக்கம்போலத் தண்ணீர் குடியுங்கள், வழக்கம்போல உப்புப் போடுங்கள். மேடையன்று காலை இரண்டு அரிசி கேக்கில் கொஞ்சம் ஜாம் தடவிச் சாப்பிடுங்கள். போதும்.

சாப்பாடு பெரிய பிரச்சினை இல்லை. உங்களுக்கு ஒரு நாளைக்கு 110 முதல் 120 கிராம் புரதம் வேண்டும். அதைச் சாம்பாரில் தேடாதீர்கள்; ஒரு கரண்டிக்கு மூன்று கிராம் இருந்தால் அதிகம். மீல் மேக்கரில் நூறு கிராமுக்கு ஐம்பதுக்கு மேல் இருக்கிறது (வேகவைக்காத எடையில்). முட்டை வெள்ளை, கிரேக்கத் தயிர், டோஃபு, ஒரு ஸ்கூப் வே (பால் புரத) பவுடர், இவ்வளவில் கணக்கு முடிந்துவிடும். பன்னீரில் புரதத்தைவிடக் கொழுப்பு அதிகம், கடைசி மாதங்களில் அளந்து போடுங்கள். இட்லியை விடச் சொல்லும் கோச்சை நம்பாதீர்கள். இட்லி ஒரு பாவமும் செய்யவில்லை. பொடிக்கு நடுவே குழி பறித்து ஊற்றுகிறோமே நல்லெண்ணெய், அதுதான் ஒரு மேஜைக்கரண்டிக்கு 120 கலோரி. நான் முதல் தடவை அதைத் தராசில் வைத்து நிறுத்தபோது, நாலு இட்லிக்கு நான் ஊற்றிக்கொண்டிருந்த எண்ணெய் இன்னொரு நாலு இட்லிக்குச் சமம் என்று தெரிந்தது.

புதிதாக வருகிறவர்கள் தோற்பது சாப்பாட்டில் அல்ல, போசிங்கில். நடுவர்கள் உங்களைப் பார்ப்பது சில நிமிடம். அதில் நடக்க வேண்டும், முன்பக்கம் நிற்க வேண்டும், திரும்ப வேண்டும், பின்பக்கம் நிற்க வேண்டும். எடையை ஒரு காலில் போட்டு, இடுப்பை ஒரு பக்கம் தள்ளி, தோளை எதிர்ப்பக்கம் கொண்டுவந்து, வயிற்றை இறுக்கிக்கொண்டே மூச்சும் விட்டு, அது எல்லாம் சும்மா நிற்பது போலத் தெரிய வேண்டும். சின்ன வயதில் பரதம் கற்றிருந்தால் உடனே பிடிபடும்: சோழர் வெண்கலப் பார்வதி நிற்கிற அதே திரிபங்கம்தான், செருப்பு மட்டும் கூடுதல். செருப்பை இப்போதே வாங்குங்கள். தினமும் இருபது நிமிடம், அதைப் போட்டுக்கொண்டு, கண்ணாடி இல்லாமல். மேடையில் கண்ணாடி கிடையாது. போனில் படம் பிடித்துப் பாருங்கள், முதல் மாதம் பார்க்கச் சகிக்காது.

டேன், அதாவது தோலைக் கறுப்பாக்குகிற சாயம், அதைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை. ஆனால் சொல்லாமல் இருக்க முடியவில்லை. முதல் நாள் சாயங்காலம் ஹோட்டலில் ஒரு சின்னக் கூடாரத்துக்குள் நிற்க வைத்து, பெயின்ட் அடிக்கிற மாதிரி ஒரு பெண் உடம்பு முழுக்கச் சாயம் அடிப்பார். மேடை விளக்கு வெளிச்சத்தில் தோல் வெளிறி, தசையின் கோடுகள் காணாமல் போய்விடும் என்பதால் இது. என் நிறத்துக்கு இது எதற்கம்மா என்று கேட்டேன். எல்லோருக்கும்தான், நிறம் ஒரே சீராகத் தெரிய வேண்டும் என்று இரண்டாவது கோட்டை ஆரம்பித்துவிட்டார். பத்து வயதிலிருந்து எனக்குப் பயத்தம் மாவும் கஸ்தூரி மஞ்சளும் குழைத்துப் பூசிய பாட்டியை நினைத்துக்கொண்டேன். டியோடரன்ட் போட்டுக்கொண்டு போகாதீர்கள், அக்குள் பச்சையாகிவிடும். கறுப்புப் படுக்கை விரிப்பு ஒன்றை வீட்டிலிருந்தே எடுத்துப்போங்கள். ஒரு சொட்டுத் தண்ணீர் பட்டாலும் கோடு விழும் என்பதால் ஸ்ட்ராவில் குடிக்க வேண்டும். பாத்ரூமுக்குக் காகிதக் கப்போடு போக வேண்டும். இதையெல்லாம் யாரும் புகைப்படத்தில் போடுவதில்லை.

போட்டிக்குப் பிறகு வரும் எட்டு வாரத்துக்கான சாப்பாட்டுத் திட்டத்தை, பிகினிக்குப் பணம் கட்டுவதற்கு முன்பே எழுதி வாங்குங்கள். அது இல்லாத கோச்சிடம் போகாதீர்கள். இரண்டாம் உலகப்போர் முடிகிற சமயத்தில், 1944-45-ல், மினசோட்டா பல்கலைக்கழகத்தில் ஆன்செல் கீஸ் என்பவர் 36 இளைஞர்களை ஆறு மாதம் அரைப்பட்டினி போட்டுச் சோதித்தார். அவர்களில் சிலர் சமையல் புத்தகங்களைச் சேர்க்க ஆரம்பித்தார்கள். பட்டினி முடிந்த பிறகு பலருக்கு எவ்வளவு சாப்பிட்டாலும் போதவில்லை. நான் இதைப் படித்தது போட்டி முடிந்து பல மாதம் கழித்து. கடைசி மாதம் ராத்திரி ஒரு மணிக்கு, போர்வைக்குள், மதுரைக் கடையில் பரோட்டா அடிக்கிற வீடியோக்களை வரிசையாகப் பார்த்துக்கொண்டிருந்தேன். எனக்குத்தான் புத்தி கெட்டுவிட்டது என்று நினைத்தேன். போட்டி முடிந்த இரவு கார் நிறுத்துமிடத்தில் ஒரு பெட்டி டோனட்டை முடித்தேன். மறுநாள் கணுக்கால் வீங்கி ஷூ ஏறவில்லை. ஆறு வாரத்தில் எட்டு கிலோ. பீரியட் திரும்பி வர ஐந்து மாதம். மேடைப் படத்துக்கு லைக் போட்டவர்கள் யாரும் இதைப் பார்க்கவில்லை.

அம்மா விஷயம். கோயில் சிற்பத்தைக் காட்டி வாதாடாதீர்கள். நான் பார்வதி கதையைச் சொன்னேன். "ஏட்டி, அது சாமி. நீ என் மக" என்று போனை வைத்துவிட்டார். அதற்குப் பிறகு போட்டி முடியும்வரை நான் வாயைத் திறக்கவில்லை. முடிந்ததும் ஒரே ஒரு படத்தை வாட்ஸாப்பில் அனுப்பினேன். இரண்டு நீலக் கோடு விழுந்தது. மூன்று நாள் பதில் இல்லை. நாலாம் நாள் பார்த்தால் அம்மாவின் டி.பி. மாறியிருந்தது: என் படம்தான், கழுத்துக்குக் கீழே வெட்டி, முகம் மட்டும். அதைப் பார்த்துவிட்டுச் சித்தி அம்மாவிடம் கேட்டாளாம், "அமெரிக்காவுல புள்ள வெயில்ல நின்னா வேல பாக்குது?"

அன்புடன்,
அக்கா