ராணி வாங்காத வைர மாலை

கேள்வி: பிரெஞ்சு ராணி மேரி அன்டோனெட் வைர மாலையைக் கடனுக்கு வாங்கி நகைக்காரர்களை ஏமாற்றினார் என்கிறார்களே, உண்மையா?

பதில்: அபாண்டம். மாலை அவர் கைக்கே போகவில்லை. 647 வைரங்கள், சுமார் 2,800 காரட், விலை 16 லட்சம் லிவ்ர் (அன்றைய பிரெஞ்சு நாணயம்). ராணியோடு நெருக்கம் என்று கதை கட்டிய ழான் த லா மோத், ராணிக்காக ரகசியமாக வாங்கித் தரும்படி கத்தோலிக்கத் திருச்சபையின் உயர் குருவான கர்தினால் ரோஹானை நம்பவைத்தாள். 1785 பிப்ரவரி 1 அன்று அவர் ஒப்படைத்த மாலை அவளிடம்தான் போய்ச் சேர்ந்தது. ஆகஸ்ட் தவணை நெருங்கியபோது நகைக்காரர் ராணிக்கே கடிதம் கொடுக்க, குட்டு வெளிப்பட்டது.

மாலை வாங்கும் ஒப்பந்தத்தில் ராணியுடையதாக ‘மரீ அந்துவானெத் த பிரான்ஸ்’ என்று கையெழுத்து. பிரெஞ்சு ராணிகள் ஞானஸ்நானப் பெயரை மட்டுமே எழுதுவார்கள். ‘த பிரான்ஸ்’ சேர்ப்பதில்லை. அரண்மனையின் தலைமைக் குருவான ரோஹானுக்கு இது தெரியாதா என்று மன்னரே கேட்டார். எழுதியவன் ழானின் கூட்டாளி வில்லெத்.

கேள்வி: பிறகு ஏன் ரோஹானை விடுவித்தார்கள்?

பதில்: கையெழுத்து போலி என்பதில் தகராறே இல்லை, போலி என்று தெரிந்துதான் செய்தாரா என்பதே கேள்வி. வெர்சாய் அரண்மனைத் தோட்டத்தில் இரவில் ராணி வேடமிட்டு அவரைச் சந்தித்த நிக்கோலின் வாக்குமூலம், அவர் ஏமாந்தவர் என்பதை நிலைநாட்டியது. ராணி அப்படி வருவார் என்று நம்பியதே குற்றம், மன்னிப்புக் கேட்டுப் பதவிகளைத் துறக்க வேண்டும் என்று அரசுத் தரப்பு வாதாடியது. 1786 மே 31 அன்று பாரிஸ் நீதிமன்றம் அதை ஏற்காமல் அவரை முழுமையாக விடுவித்தது. ராணி நள்ளிரவில் ஒருவரைச் சந்திக்கக்கூடியவர்தான் என்று நீதிபதிகளே சொன்னதாக ஊர் புரிந்துகொண்டது. குற்றமே செய்யாத ராணிக்கு இது பெரும் அநீதி. ழானுக்குக் கசையடி, தோளில் ‘வி’ (பிரெஞ்சில் ‘திருடி’ என்பதன் முதலெழுத்து) என்ற சூடு, ஆயுள் சிறை.

கேள்வி: வைரங்கள் மீண்டனவா?

பதில்: இல்லை. அவசரத்தில் மாலையிலிருந்து கத்தியால் நெம்பி எடுத்ததில் பல கற்கள் சேதப்பட்டன. பாரிஸில் வில்லெத் அடிமாட்டு விலை சொன்னதும் நகைக்காரர்கள் போலீசுக்குத் தகவல் கொடுத்தார்கள். ஆனால் திருட்டுப் புகாரே பதிவாகாததால் விசாரித்துவிட்டு விட்டுவிட்டார்கள். அத்தோடு கற்களை ழானின் கணவன் லண்டனுக்குக் கொண்டுபோய் விற்றான். ரோஹான் தன் மடத்து வருமானத்தைக் கடனுக்கு ஈடாக எழுதிக்கொடுத்தார். பிரெஞ்சுப் புரட்சியில் திருச்சபைச் சொத்துகள் பறிபோனதும் அதுவும் நின்றது.