லயத்துக் குடும்பங்களுக்கு வெள்ள எச்சரிக்கை
உங்கள் தோட்டத்துப் பழைய லயத்தில் (தொழிலாளர் வரிசை வீடுகளில்) இருக்கும், மியன்மாரிலிருந்து வந்த ரோஹிங்கியா அகதிக் குடும்பங்கள், மலாய் மொழியில் வந்த வெள்ள எச்சரிக்கைக் குறுஞ்செய்தியைப் பார்த்தும் அசையவில்லை என்று எழுதியிருந்தீர்கள். அவர்களில் பலருக்கு எழுத்தே பழக்கமில்லை. வங்காளதேசத்தின் காக்ஸ் பஜார் முகாம்களில் புயல் வந்தால் கொடிதான் பேசும்: ஆபத்து ஏற ஏற ஒன்று, இரண்டு, மூன்று. கூடவே, பயிற்சி பெற்ற அகதித் தொண்டர்களே வீடு வீடாகப் போய்ச் சொல்வார்கள். நீங்களும் பெரட்டுக்களத்தில் (காலையில் தொழிலாளர்கள் கூடும் திடலில்) கொடி ஏற்ற ஒரு கம்பம் நட்டுப் பாருங்கள். பெண்களிடம் பேச ஒரு பெண்ணே போகட்டும்.

அப்புறம், ஆற்றைவிடப் போலீஸ் பயம்தான் அவர்களுக்குப் பெரிது. அகதிகளைக் காக்கும் 1951 ஐ.நா. ஒப்பந்தத்தில் மலேசியா சேரவில்லையே; அதனால் கைதாகிவிடுவோமோ என்று அஞ்சுகிறார்கள்! நிவாரண மையத்தில் இவர்களைச் சேர்ப்பார்களா என்று மழைக்கு முன்பே கிராமத் தலைவரிடம் கேட்டு வையுங்கள். யூஎன் கார்டு (ஐ.நா. அகதிகள் அமைப்பு தரும் அடையாள அட்டை) பிளாஸ்டிக் பையில் இருக்கட்டும்.